மடை திறந்தவர் பெயர்

ராய்ஸ்டன் டாட்டர்சால் ஒரு பழுப்பு உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நீச்சல் குளம் கழுவிப் பிழைக்கிறவன். குளோரின் தின்று விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்துக் கிடந்தது. வயது அறுபத்தொன்று.

எதிரில் நியேவெஸ் இருந்தாள். அரசாங்க அலுவலகங்களில் ஆக வேண்டிய காகித வேலைகளை ஊர்க்காரர்களுக்கு முடித்துக் கொடுப்பது அவள் தொழில். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. உறையைக் கவிழ்த்து உதறினாள். மின்சார ரசீதுகள் கொத்தாக விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள்.

"யாருங்க இது, ஹினெஸ் கார்சீயா?"

"வீட்டுக்காரரோட அப்பா."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க. இத்தனை வருஷமா இவர் என் வீட்லதான் குடியிருக்கார்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்."

"அவர் செத்து இருபது வருஷம் ஆச்சு."

நியேவெஸ் ரசீதைக் கீழே வைத்தாள். "செத்தவர் பேர்ல கரண்ட் ஓடுது. உயிரோட இருக்கிற உங்க பேர்ல என்ன ஓடுது, டான் ராய்ஸ்டன்?" ஸ்பெயின் வழக்கப்படி மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் டான் போட்டாள்.

ராய்ஸ்டன் யோசித்தான். அவன் பேரில் ஒன்றும் ஓடவில்லை.

விஷயம் இதுதான். இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு வெளியேறி முடித்திருந்தது. இரண்டாயிரத்து இருபது டிசம்பர் முடிவதற்கு முன்னால் ஸ்பெயினில் குடியிருந்த இங்கிலாந்துக்காரர்கள் முன்போலவே இருந்துகொள்ளலாம், வேலை செய்யலாம், போகலாம், வரலாம். ஆனால் குடியிருந்தேன் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் சுற்றுலாக்காரன். நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் அவனுக்கு. மீதி நாளெல்லாம் வெளியே.

"நகராட்சிக் குடியிருப்புப் பதிவு?"

"இல்ல."

"வாடகை ஒப்பந்தம்?"

"ஃபுல்ஹென்சியோவும் நானும் கை குலுக்கிக்கிட்டோம்."

"பேங்க்?"

"கையில வாங்கி கையில குடுக்கிறதுதான்."

"போன்?"

"அது நார்மன் வாங்கிக் குடுத்தது. அவன் பேர்ல இருக்கு."

நியேவெஸ் பேனாவை மூடினாள். "எங்கிட்ட போலீஸுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்த ஒருத்தன் வந்தான். அவன்கிட்டகூட நூலக அட்டை இருந்துச்சு."

ராய்ஸ்டன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ரசீதுகளை அடுக்கி மறுபடி உறைக்குள் போட்டான். அன்று பிற்பகல் மூன்று குளம் கழுவ வேண்டியிருந்தது.

அவன் வந்தது இரண்டாயிரத்து ஏழு இலையுதிர் காலத்தில். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்கை மூடிவிட்டார்கள். மனைவி அதற்கு முந்தின வருஷமே வேறொருவனோடு போய்விட்டாள். பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. வேனை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறி, அலிகாந்தே மாகாணத்தின் தெற்குக் கோடியில், செகூரா ஆற்றுப் பாசனத்தில், எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் கார்தோசா என்ற சின்ன ஊரில் வந்து இறங்கினான். ஃபுல்ஹென்சியோவின் தோப்புக்குள் இரண்டு அறை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கேயே தங்கிவிட்டான்.

அந்தக் காலத்தில் வருவதும் போவதும் ஒரு விஷயமே இல்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினால் காவலர் பார்க்கிறாரா கொட்டாவி விடுகிறாரா என்றுகூடத் தெரியாது. கடல் தாண்டிப் போவது அடுத்த தெருவுக்குப் போவது போல.

ஆகவே அவன் இரண்டு இடத்திலும் கால் வைத்திருந்தான். வேனுக்கு இங்கிலாந்து எண். ஓட்டுநர் உரிமம் ராச்டேல் முகவரி. முழங்கால் வலிக்கு டாக்டர் ராச்டேலில். ஓட்டு ராச்டேலில். எல்லாக் கடிதமும் அக்கா ஈனிட் வீட்டுக்குப் போகும். அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். காகிதத்தை மட்டும் பார்த்தால் ராய்ஸ்டன் ராச்டேலை விட்டு ஒரு நாள்கூட நகரவில்லை.

இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நார்மன் பிக்கர்ஸ்டாஃப். சாலை வளைவில் இங்கிலாந்துக்காரர்கள் கூடும் பார் ஒன்று இருந்தது. அங்கே நார்மன்தான் வக்கீல், நீதிபதி எல்லாம். ராய்ஸ்டனுக்குப் பத்து வருஷம் முன்னால் வந்தவன் என்ற பெருமை. புதிதாக யார் வந்தாலும் தோளில் கை போட்டு ஒரே பாடம் எடுப்பான்.

"இங்க பாரு தம்பி. எதுலயும் பேரைக் குடுக்காதே. பேரைக் குடுத்தா வரிக்காரன் வருவான். வேனுக்கு நம்பர் மாத்தச் சொல்லுவான். நம்ம ஊர் டாக்டர் கைவிட்டுப் போயிடுவார். பேரு அவங்க கைக்குப் போச்சுன்னா நீ போன மாதிரி. நிழல் மாதிரி இரு. யாரும் நிழலைப் பிடிச்சுக் கேள்வி கேட்க மாட்டான்."

பார் முழுக்கத் தலையாட்டும். ராய்ஸ்டனும் ஆட்டினான். புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

இரண்டாயிரத்துப் பதினாறில் வெளியேறுவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு வந்தபோது முழங்காலைக் காட்ட ராச்டேலுக்குப் போயிருந்தான். அக்கா வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டான். எதற்குப் போட்டான் என்று திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று போட்டவர்கள் பாரில் உரக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று போட்டவர்கள் அதைவிட உரக்கச் சொன்னார்கள். சொல்லாதவன் வெளியேறத்தான் போட்டிருப்பான் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டது சரிதானா என்று அவன் சொல்லவும் இல்லை.

அப்புறம் நாலு வருஷம் பாரில் தொலைக்காட்சி அலறிக்கொண்டே இருந்தது. பிரதமர்கள் அழுதுகொண்டு போனார்கள், சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள், தோற்கடித்தார்கள், மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடி தோற்கடித்தார்கள். வெளியேறும் நாள் மார்ச் என்றார்கள், ஏப்ரல் என்றார்கள், அக்டோபர் என்றார்கள். ஒவ்வொரு முறை நாள் தள்ளிப் போகும்போதும் நார்மன் மேஜையைத் தட்டினான். "சொன்னேன்ல? ஒண்ணும் நடக்காது. இன்னொரு ரவுண்டு ஊத்து." முதல் முறை ராய்ஸ்டன் பீரை வைத்துவிட்டுச் செய்தியை முழுக்கக் கேட்டான். மூன்றாவது முறை பாதியில் எழுந்து போனான். அதற்குப் பிறகு தொலைக்காட்சியைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். குளங்களில் விழுந்த இலையை வலை போட்டு அள்ளினான்.

நடந்தேவிட்டது. இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரியில் நியேவெஸ் அவனுக்காக விண்ணப்பம் போட்டாள். மார்ச்சில் மாகாணத் தலைநகரான அலிகாந்தேயிலிருந்து பதில் வந்தது. பத்து வேலை நாளுக்குள் ஆதாரம் காட்டு என்று இரண்டு வரி.

அவன் தேடினான். தேடினான் என்று சொல்வதைவிட, தேட வேண்டிய இடங்களுக்குப் போய் நின்றான் என்று சொல்லலாம். அலமாரியைத் திறந்து நின்றான். வேனின் முன்பெட்டியைத் திறந்து நின்றான். போட்டோக்கள் இருந்தன. "ஒரு நாள் இங்க இருந்தீங்கன்னு போட்டோ சொல்லும். சுற்றுலா வர்றவங்களும் போட்டோ எடுக்கிறாங்க," என்றாள் நியேவெஸ். விமான டிக்கெட்டுகள் சில இருந்தன. வந்தது தெரிந்தது, போனதும் தெரிந்தது, இருந்தது தெரியவில்லை. குளத்துக்காரர்கள் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கோடைக்கு மட்டும் வந்து போகிறவர்கள்.

"இங்க குடியிருக்கிறதா பதிவு பண்ணின ஆள் யாராவது எழுதிக் குடுத்தா ஓரளவு எடை இருக்கும்," என்றாள் நியேவெஸ். "தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

நார்மனைத்தான் கேட்டான். நார்மனிடமும் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டான். பாரில் உட்கார்ந்து நார்மன் அழகாக எழுதினான். இந்த மனிதனை எனக்குப் பதினாலு வருஷமாகத் தெரியும், இங்கேயேதான் வாழ்கிறான் என்று. அடியில் அடையாள எண் எழுத வேண்டியிருந்தது. எண் மனப்பாடம் இல்லை. பர்ஸைத் திறந்தான். பச்சை அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. அரசாங்கக் குடியிருப்பு அட்டை. பதிவு செய்த நாள் மே இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ஜோனுக்கு சர்க்கரை ஏறிப்போச்சுல்ல அப்போ," என்றான் நார்மன், மனைவியைச் சொல்லி. "ஆஸ்பத்திரி அட்டை வேணும்னா இது இல்லாம தரமாட்டேன்னுட்டான். பொம்பளைங்க விஷயம். உனக்குத் தெரியாதா."

"பன்னிரண்டுல."

"அதுக்கப்புறமும் நான் சொன்னது தப்பில்லப்பா. பொதுவா சொல்றது வேற, வீட்டு நிலைமை வேற."

ஓங்கி ஒன்று விடலாம் என்று வேறொருவனுக்குத் தோன்றியிருக்கும். ராய்ஸ்டனுக்குக் கை எழவில்லை. அட்டை எண்ணில் கடைசி இரண்டு எழுத்து கலங்கியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நம்பரைத் தெளிவா எழுது. படிக்கிறவனுக்குப் புரியணும்."

"இன்னொரு பீர் சொல்றேன்."

"வேண்டாம். குளம் இருக்கு."

கெடுவில் நாலு நாள் மிச்சம் இருந்தபோது ஃபுல்ஹென்சியோ தோப்பிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். எழுபத்திரண்டு வயது. முதுகு போனவர். குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது, நடுவில் எங்கேயோ நின்றபடி நடப்பார்.

"ஏய் இங்கிலீஷ்காரா! தண்ணி நோட்டு! தண்ணி நோட்டை மறந்துட்டமேய்யா, ரெண்டு கழுதைகளும்!"

அந்த வட்டாரத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்னார் தோப்புக்கு இந்த நாள், இந்த மணி முதல் இந்த மணி வரை. ஃபுல்ஹென்சியோ தோப்புக்கு மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய், பத்து மணியிலிருந்து பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் மடையைத் திறந்து, நேரம் முடிந்ததும் மூட வேண்டும். ஒரு நிமிஷம் கூடப் போனாலும் அடுத்த தோப்புக்காரன் மண்வெட்டியோடு வந்து நிற்பான். மடைக்காரர் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்து, எந்த மடையை யார் திறந்தார்கள் என்று அங்கேயே வண்டியை நிறுத்தி நோட்டில் எழுதிக்கொள்வார். பக்க எண் போட்ட நோட்டு. எழுதியதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. வருஷக் கடைசியில் பாசன சங்கத் தலைவர் முத்திரை வைத்து அலமாரியில் பூட்டிவிடுவார். தண்ணீர்த் தகராறு என்று வந்தால் நீதிமன்றத்தில் அந்த நோட்டு பேசும்.

ஃபுல்ஹென்சியோவுக்கு முதுகு போனது இரண்டாயிரத்து ஒன்பதில். அன்றிலிருந்து அந்தத் தோப்புக்கு மடை திறந்தவன் ராய்ஸ்டன். ஊருக்குப் போனாலும் செவ்வாய்க்குள் திரும்பிவிடுவான். முழங்கால் சிகிச்சையைக்கூட இரண்டு முறைக்கு நடுவில்தான் வைத்துக்கொண்டான்.

நியேவெஸுக்குப் போன் போட்டார்கள். "சங்க முத்திரை இருக்கா? அந்தந்த நாள்ல எழுதினதா? பேர் இருக்கா?" என்று அடுக்கினாள். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது என்றார் ஃபுல்ஹென்சியோ. "அப்ப அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. உடனே கொண்டு வாங்க," என்றாள். அவள் குரலில் முதல் தடவையாகச் சந்தோஷம் கேட்டது.

அன்றைக்கு ராய்ஸ்டன் சட்டை மாற்றிக்கொண்டான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த நம்பிக்கை.

மடைக்காரர் பெயர் லியோகாதியோ. காதில் பென்சில், இடுப்பில் சாவிக்கொத்து. சங்கத்தின் அறையைத் திறந்து பன்னிரண்டு நோட்டுகளையும் மேஜைமேல் அடுக்கினார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு நாள் விட்டதில்ல. எங்கம்மா செத்த அன்னிக்கும் எழுதியிருக்கேன், பாத்துக்க."

ஃபுல்ஹென்சியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நோட்டைத் திறந்தார். செவ்வாய், மார்ச் மூன்று, இரண்டாயிரத்து ஒன்பது. பத்து முதல் பதினொன்று நாற்பது. ஃபுல்ஹென்சியோ தோப்பு. திறந்தவர்: இங்கிலீஷ்காரன்.

பக்கத்தைப் புரட்டினார். திறந்தவர்: இங்கிலீஷ்காரன். அடுத்த நோட்டு. இங்கிலீஷ்காரன். இரண்டாயிரத்துப் பதினைந்து. இங்கிலீஷ்காரன். ஒரு இடத்தில் மழையில் எழுதியதால் எழுத்து மங்கியிருந்தது. அங்கேயும் இங்கிலீஷ்காரன்.

"பேர் எங்கடா?" என்றார் ஃபுல்ஹென்சியோ.

"அதான் போட்டிருக்கே."

"இது பேரா? இது பேராடா, தடியா?"

"நீங்க என்னன்னு கூப்பிடுறீங்க?"

ஃபுல்ஹென்சியோ கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வாய்க்கால்ல நூத்திப்பத்து பங்குக்காரன்," என்றார் லியோகாதியோ. முகம் சிவந்திருந்தது. "பாதிப்பேர் ஹோசே, மீதிப்பேர் அந்தோனியோ. எந்த ஹோசே, யாரு மகன், எந்தத் தோப்புன்னு மூணு வரி எழுதணும் அவனுங்களுக்கு. இங்கிலீஷ்காரன் ஒருத்தன்தானே? வேற யாருன்னு நினைப்பான் ஒருத்தன்? இதைவிடத் தெளிவா எப்படிய்யா எழுதுறது?"

"அலிகாந்தேல உக்காந்திருக்கிறவனுக்கு என்னடா தெரியும்? லட்சம் இங்கிலீஷ்காரன் இருக்கான் அவனுக்கு!"

"அலிகாந்தேக்காரனுக்கு எதுக்குய்யா என் நோட்டு? நான் தண்ணிக்கு எழுதினேன்!"

இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ்டன் குனிந்து நோட்டைப் பார்த்தான். கிட்டத்தட்ட இருநூறு செவ்வாய்க்கிழமை. எல்லாவற்றிலும் அவன் இருந்தான். தாமதம் என்று ஒரு குறிப்புகூட இல்லை. நார்மன் சொன்ன மாதிரியே, நிழல் மாதிரி.

"இவருக்கு எம்பேர் தெரியாதா?" என்று ஃபுல்ஹென்சியோவிடம் கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

லியோகாதியோ பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதில் வைத்துக்கொண்டார். "நீ ஒருநாளும் சொன்னதில்லையேப்பா."

அது உண்மை. முதல் நாள் அவர் கேட்டார். ராய்ஸ்டனுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. நோட்டும் பென்சிலுமாக ஒருவன் வந்து பேர் என்ன என்றதும், நார்மனின் பாடம் நினைவுக்கு வந்தது. தோளைக் குலுக்கிவிட்டு, ஊர்ப்பேச்சு புரியாதவன் மாதிரி சிரித்தான். மடைக்காரர் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார். அப்புறம் கேட்கவே இல்லை.

அதை அவன் ஃபுல்ஹென்சியோவிடம் சொல்லவில்லை.

நியேவெஸ் எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்தாள். இங்கிலீஷ்காரன் என்று நோட்டில் எழுதியிருப்பது இந்த ராய்ஸ்டனைத்தான் என்று சங்கத் தலைவரிடம் தனியாக ஒரு சான்று வாங்கிச் சேர்த்தாள். நார்மன் கடிதம், குளத்துக்காரர்கள் கடிதம், ஹினெஸ் கார்சீயாவின் மின் ரசீது, எல்லாம் போயிற்று.

ஏப்ரல் இருபத்தொன்பது வியாழக்கிழமை முடிவு வந்தது. நியேவெஸ் அதை அவனுக்கு மெதுவாகப் படித்துச் சொன்னாள். நோட்டுகள் உண்மையானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் உள்ள குறிப்பு எந்தத் தனி மனிதனையும் அடையாளம் காட்டவில்லை. தலைவரின் சான்று இப்போது எழுதப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பதினைந்து நாளுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

"மேல்முறையீடு ஒரு மாசத்துக்குள்ள போடலாம்," என்றாள். "ஆனா சும்மா போட முடியாது. புதுசா ஏதாவது வேணும்."

"புதுசா என்ன?"

"பழசா ஏதாவது."

அவன் தலையாட்டினான். அவள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். அவளுக்கு இவ்வளவு சின்ன வாய் என்று அன்றுதான் பார்த்தான்.

"என் தப்பு எதுவும் இல்லை, டான் ராய்ஸ்டன். உங்க தப்புன்னும் சொல்ல மாட்டேன். எழுதி வச்ச அந்த ஆளுதான்..."

"அவர் தப்பு இல்லை," என்றான் ராய்ஸ்டன். "அவர் சரியாத்தான் எழுதியிருக்கார்."

வெளியே வந்து வேனில் உட்கார்ந்தான். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சாவியைத் திருப்பினான். வழியில் பெல்வெதேர் குடியிருப்பில் ஒரு குளம். பாசி வழித்து, பம்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

பாரில் செய்தி பரவியது. "மேல கேஸ் போடு, பத்திரிகைக்குச் சொல்லு," என்றார்கள். "நம்ம அரசாங்கம் நம்மளைக் கைவிட்டுருச்சு," என்றார்கள். "வெளியேற ஓட்டுப் போட்டவனுங்களைத் தேடிப் பிடிச்சு உதைக்கணும்," என்று ஒருவன் சொல்லிவிட்டு, ராய்ஸ்டனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். நார்மன் அந்த வாரம் பார் பக்கம் வரவில்லை. ஜோனுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள்.

அந்தப் பதினைந்து நாளுக்குள் அவனுடைய கடைசித் தண்ணீர் முறை மே பதினொன்று, செவ்வாய். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் ராய்ஸ்டன் மண்வெட்டியோடு மடைக்கு வந்துவிட்டான். ஃபுல்ஹென்சியோ முந்தின நாள் கேட்டிருந்தார், "நாளைக்கும் நீதானே?" என்று. "என் முறைதானே," என்றான்.

பத்து மணிக்குப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் முதலில் குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு சுத்தமாக. முதல் வரிசை மரங்களுக்குத் திருப்பி, வரப்பை உடைத்து, அடுத்த பாத்திக்கு விட்டான். எங்கே மண் இளகும், எங்கே எலிப்பொந்து தண்ணீரைத் தின்னும் என்று காலுக்கே தெரியும்.

லியோகாதியோ வண்டியை நிறுத்தினார். வழக்கமாக வண்டியில் உட்கார்ந்தபடியே எழுதுவார். அன்று இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்து வந்தார்.

"பாஸ்போர்ட் வச்சிருக்கியா?"

"எதுக்கு?"

"இருந்தா எடு."

வேனில் இருந்தது. கப்பல் டிக்கெட்டோடு சேர்த்து வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்தான். லியோகாதியோ நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். பென்சிலால் அல்ல, அன்றைக்கென்று பேனா கொண்டுவந்திருந்தார். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பாஸ்போர்ட் எண்ணையும் எழுதினார். பிறகு காட்டினார்.

ஃபுல்ஹென்சியோ தோப்பு. திறந்தவர்: ராய்ஸ்டன் ஹார்விட்ச் டாட்டர்சால்.

"நடுவுல இப்படி ஒரு பேர் இருக்கா உனக்கு?" என்றார் லியோகாதியோ.

"அம்மா வீட்டுப் பேர்."

"நல்லா இருக்கு."

"ம்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். ராய்ஸ்டன் தூரத்துப் பாத்தியைப் பார்த்தான். தண்ணீர் வரப்பை எட்டிவிட்டது. "உடைச்சிடும்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பதினொன்று நாற்பதுக்குப் பலகையை இறக்கினான். மண்வெட்டியை வாய்க்காலிலேயே கழுவி, ஃபுல்ஹென்சியோ வீட்டுச் சுவரில் சாத்தினான். தன் வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டினான். ஃபுல்ஹென்சியோ வாசலில் வளைந்து நின்றுகொண்டிருந்தார்.

"சாவியை நீயே வச்சுக்கய்யா. தொண்ணூறு நாளைக்கு வரலாம்ல?"

"எப்ப வரலாம்னு எண்ணிப் பாத்துத்தான் சொல்லணும்."

"எண்ணிப் பாத்துச் சொல்லு."

"சரி."

சாவி ஆணியிலேயே இருந்தது. வியாழக்கிழமை சந்தாந்தேர் துறைமுகத்தில் காவலர் அவன் பாஸ்போர்ட்டில் நுழைந்த முத்திரையைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லை. "எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னான். காவலர் அவன் முகத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. வெளியேறிய முத்திரையைக் குத்தி நீட்டினார்.

ராச்டேலில் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று பத்து நாள் தனிமை. ஈனிட் பின்னறைக் கதவருகே தட்டை வைத்துவிட்டுப் போவாள். "நம்ம வீட்டுக்குத்தானடா வந்திருக்கே," என்று கதவுக்கு அப்பாலிருந்து சொல்வாள். ஆமாம் என்பான். பிஸ்கட் டப்பாவை உள்ளே தள்ளிவிட்டிருந்தாள். பதினாலு வருஷக் கடிதங்கள். ஒவ்வொரு உறைமேலும் அவன் பேர் முழுசாக, தெளிவாக இருந்தது. பிரிக்காமல் பார்த்துவிட்டு மூடிவைத்தான்.

ஜூன் ஒன்று, செவ்வாய். பிற்பகல் போன் அடித்தது. ஃபுல்ஹென்சியோ. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நானே திறந்தேன்யா. இடுப்புக்கு வாரைக் கட்டிக்கிட்டு. கடைசி வரிசைக்குப் போகல, ஆனா பரவால்ல."

"எலிப்பொந்தை அடைச்சீங்களா? மூணாவது பாத்தி."

"அங்கதான் போச்சு எல்லாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு சொல்லணும். சிரிக்காதே. அந்த லியோகாதியோ தடியன் வண்டில வந்தான். நான் குனிஞ்சிருந்தேன், பாக்கல. பலகை தூக்கியிருக்குன்னு பாத்தான், பழக்கதோஷம், எழுதிட்டுப் போயிட்டான். திறந்தவர், இங்கிலீஷ்காரன்."

ராய்ஸ்டன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நான் கத்தினேன். அடிச்சிடுடான்னேன். அடிக்கக் கூடாதாம். பக்க நம்பர் போட்ட நோட்டாம். அப்படியே கிடக்கு." ஃபுல்ஹென்சியோ சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். "நீ இங்க திறந்துக்கிட்டு இருக்கேய்யா. எழுத்துல இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனான்.

"எத்தனை மணிக்கு மூடினீங்க?" என்று ராய்ஸ்டன் கேட்டான்.

"பதினொண்ணு நாப்பது."

"சரி," என்றான்.